பெயின்ட் உரிகிறது, போல்ட் ஏறவில்லை: ஃபேப்ரிகேஷன் பாகங்களை டெலிவரிக்குத் தயார் செய்வது

கேட்கப்பட்டது சுருக்கமாக இது: கோவைப் பக்கம் லேசர் கட்டிங், பிரஸ் பிரேக் (தகடு வளைக்கும் மெஷின்), மிக் வெல்டிங் உள்ள ஒரு சின்ன யூனிட். பவுடர் கோட்டிங்கும் (பெயின்ட் தூளை மின்சாரத்தால் ஒட்டவைத்து அடுப்பில் உருக்குவது) ஜிங்க் பிளேட்டிங்கும் (மின்வழித் துத்தநாகப் பூச்சு) வெளியே ஜாப் வொர்க்கில் போகின்றன. எலக்ட்ரிகல் பேனல் செய்பவர் ஒருவரும், உணவு மெஷின் செய்பவர் ஒருவரும் முக்கிய வாடிக்கையாளர்கள். டிராயிங் அளவெல்லாம் சரியாக இருந்தும் ஓரத்தில் பெயின்ட் உரிகிறது, போல்ட் ஏறவில்லை, கீறல், துரு என்று லாட் திரும்பி வருகிறது. வெட்டி, வளைத்து, வெல்டு அடித்த பாகத்தை எப்படி முடித்து அனுப்புவது?

நான்கு புகாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி "கோட்டிங்காரர் சரியில்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அவருடைய பங்கு குறைவுதான். ஓரத்தில் உரிவது லேசர் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. போல்ட் ஏறாது என்பது டிராயிங்கைப் படிக்கும்போதே தெரிந்துவிடும் விஷயம். கீறலும் துருவும் பாகம் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் வழியில் வருபவை. வெல்டிங் முடிந்த பிறகு தொடங்கும் வேலையாக ஃபினிஷிங்கை வைத்திருக்கும் வரை இவை மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கும். என்ன பூச்சு, எந்த இடத்தில் பூச்சு படக்கூடாது, எப்படிக் கட்டி அனுப்பப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து எப்படி வெட்டுவது, எங்கே வெல்டு வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்த ஓரம். எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகட்டை லேசரில் ஆக்சிஜன் வைத்து வெட்டினால் வெட்டிய முகத்தில் மெல்லிய இரும்பு ஆக்சைடு படலம் உட்கார்ந்துவிடும். சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில், பார்க்கச் சுத்தமாகவே தெரியும். பவுடர் அந்தப் படலத்தை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் படலம் இரும்பைச் சரியாகப் பிடிப்பதில்லை. லாரி குலுங்கினாலோ, பேனலைப் பொருத்தும்போது ஸ்பேனர் பட்டாலோ, ஓரம் முழுவதும் நாடா போல உரிந்து வரும். உறுதி செய்துகொள்ள ஒரு வழி: உரிந்த பூச்சின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் நிறச் செதில் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் தவறு வெட்டியதில். அடிப்பக்கம் வெறும் பெயின்டாக இருந்து, இரும்பு பளபளவென்று தெரிந்தால் கோட்டிங்காரரின் முன்தயாரிப்பில்.

தீர்வு இரண்டு வகை. உங்கள் லேசரின் சக்திக்கு எந்தத் தடிமன் வரை நைட்ரஜனில் வெட்ட முடியுமோ, அதுவரை பெயின்டுக்குப் போகும் பாகங்களை நைட்ரஜனிலேயே வெட்டுங்கள். காஸ் செலவு கூடும், அதைக் கொட்டேஷனில் சேர்த்துக் கேளுங்கள். காற்றில் வெட்டினாலும் கொஞ்சம் ஆக்சைடு இருக்கத்தான் செய்யும். நைட்ரஜனில் முடியாத தடிமனுக்கு, வெட்டிய முகத்தை ஃபிளாப் டிஸ்க் போட்டோ, பிளாஸ்டிங் செய்தோ, ஆசிட்டில் ஊறவைத்தோ படலத்தை எடுத்தாக வேண்டும். பெல்ட் டீபர்ரிங் மெஷின் மேல்முகத்தையும் விளிம்பையும்தான் தொடும், வெட்டுமுகத்தைத் தொடாது. கோட்டரின் டேங்கில் ஆசிட் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது லேசான துருவை எடுப்பதற்கான நேரக்கணக்கில் ஓடுகிறது. லேசர் படலத்துக்குத் தனியாகச் சொல்லி, தனி நேரம் கொடுக்கச் சொல்ல வேண்டும்.

பிசிறு எடுத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. கூரான விளிம்பில் எந்தப் பூச்சும் நிற்காது. அடுப்பில் பவுடர் உருகி ஓடும்போது விளிம்பிலிருந்து விலகி இரண்டு பக்கமும் இறங்கிவிடும். சமதளத்தில் 70 மைக்ரான் (1,000 மைக்ரான் ஒரு மி.மீ.) இருக்கும் அதே பாகத்தில் விளிம்பில் மிகக் குறைவாகவே மிஞ்சும். துரு எப்போதும் விளிம்பில் ஆரம்பிப்பது இதனால்தான். வெளியில் நிற்கும் கனமான ஸ்ட்ரக்சர்களுக்கு ஐஎஸ்ஓ 8501-3 தரத்தின் பி3 நிலை, விளிம்பைக் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்கிறது. 1.5 மி.மீ. தகட்டில் அது நடக்காது. அங்கே நகத்தை ஓரத்தில் இழுத்தால் எங்கும் தடுக்காத அளவுக்கு இருபக்கமும் உடைத்துவிட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். பேனலுக்குள் வயர் போகும் துளைகளில் இது கட்டாயம், இன்சுலேஷன் வெட்டுப்பட்டால் பெயின்ட் புகாரைவிடப் பெரிய புகார் வரும். வளைக்கும்போது பிசிறு உள்ள பக்கம் வளைவின் உட்பக்கம் வருமாறு வைத்தால் வெடிப்பு குறையும். தகட்டில் பாகங்களை அடுக்கி நெஸ்டிங் செய்யும்போதே இதை யோசிக்கலாம். வெட்டும்போது பாகம் கீழே விழாமலிருக்க மைக்ரோ ஜாயின்ட் விட்ட முனைகளையும் மறக்காமல் தேய்த்துவிடுங்கள்.

வெல்டிங்குக்கு வருவோம். ஸ்பேட்டரை (வெல்டிங்கில் தெறித்து ஒட்டிய உலோகத் துளிகளை) செதுக்கி எடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள். வெறும் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் கலந்த காஸ் வைத்தால் செதுக்க வேண்டியதே குறையும். பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று, மிக் வெல்டின் மேல் அங்கங்கே கண்ணாடிபோல் பழுப்பு நிறத்தில் உட்கார்ந்திருக்கும் சிலிக்கேட் துணுக்குகள். இவற்றின் மேல் பவுடரும் நிற்காது, அதற்கு முன் கோட்டர் ஏற்றும் பாஸ்பேட் அடிப்படலமும் பிடிக்காது. வயர் பிரஷ் போட்டால் பளபளப்பாகும், போகாது. சுரண்டியோ பிளாஸ்டிங் செய்தோதான் எடுக்க வேண்டும். இரண்டு, ஸ்பேட்டர் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஸ்பிரே. அதில் சிலிக்கான் இருந்தால் பெயின்டில் மீன்கண் போல குழிகுழியாக விழும், எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. சிலிக்கான் இல்லாத, தண்ணீர் கலந்த வகையை மட்டும் கடைக்குள் அனுமதியுங்கள். டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேக்களும் கோட்டிங்குக்குப் போகும் பாகங்களின் பக்கம் வரக்கூடாது.

கிரைண்டிங்கில் அளவு முக்கியம். முகப்பில் தெரியும் வெல்டைச் சமப்படுத்தலாம். சுமை தாங்கும் வெல்டை அழகுக்காகத் தேய்த்துவிடக் கூடாது, அதன் வலுவே அந்தத் தடிமனில்தான் இருக்கிறது. டிராயிங்கில் எது எதைத் தேய்க்க வேண்டும் என்று குறி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். 40 கிரிட்டில் (எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்) தேய்த்து அப்படியே பிளெயின் கிளாஸ் பவுடருக்கு அனுப்பினால் கோடு கோடாகத் தெரியும். 80, 120 என்று இறங்கி முடிக்க வேண்டும். டெக்ஸ்சர் பவுடர் கொஞ்சம் மன்னிக்கும். பள்ளத்தை நிரப்பச் சாதாரண கார் பட்டி வேலைக்கு ஆகாது. 200 டிகிரி அடுப்பில் அது வெடித்துக் கிளம்பும், மின்சாரம் கடத்தாததால் பவுடரும் ஒழுங்காக உட்காராது. இதற்கென்று உலோகத்தூள் கலந்த, சூடு தாங்கும் பட்டி கிடைக்கிறது. வெல்டர்கள் மார்க்கர் பேனாவில் பார்ட் நம்பர் எழுதும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். அந்த மை பவுடரையும் தாண்டி மேலே நிழலாகத் தெரியும். பஞ்ச் அடியுங்கள், அல்லது லேசரிலேயே சின்னதாகப் பொறித்துவிடுங்கள்.

இன்னொரு இடம், மடிப்பும் ஒட்டும். ஸ்பாட் வெல்டு போட்டு இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும் இடத்தில் டேங்கில் உள்ள ஆசிட் புகுந்துகொள்ளும். கழுவினாலும் முழுதாக வெளியே வராது. அடுப்பின் சூட்டில் கொஞ்சம் கசிந்து பூச்சில் கறை போடும். மிச்சம் உள்ளே இருந்து, டெலிவரி ஆகிச் சில வாரம் கழித்துப் பழுப்புக் கோடாக வழியும். வாடிக்கையாளர் அதைப் "பெயின்ட் சரியில்லை" என்பார், உண்மையில் அது டிசைன் பிரச்சினை. ஒட்டு இடங்களைச் சுற்றி முழு வெல்டு வைத்து மூடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வடிய வழி விடுங்கள். பாதி மூடி பாதி திறந்து வைப்பதுதான் மோசம்.

மூடிய டியூப், பாக்ஸ் செக்‌ஷன் விஷயத்தில் இது உயிர் பிரச்சினை. ஹாட் டிப் கால்வனைசிங்குக்குப் போகும் எந்தப் பாகத்திலும், இரண்டு பக்கமும் அடைத்த டியூப் ஒன்றுகூட இருக்கக்கூடாது. குளியலில் உருகிய துத்தநாகம் சுமார் 450 டிகிரியில் இருக்கிறது. உள்ளே சிக்கிய துளி ஈரம் ஆவியாகி டியூப் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவர் மேல் உருகிய உலோகம் தெறிக்கும். காற்று போக மேலேயும், துத்தநாகம் வடியக் கீழேயும் துளை வேண்டும், அதுவும் மூலையை ஒட்டி. கால்வனைசர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் அனுப்பும் முன் நீங்களே ஒவ்வொரு உறுப்பையும் தட்டிப் பாருங்கள்.

சரி, இப்போது கோட்டரிடம் போகிறது. நம் ஊரில் 'செவன் டேங்க்' என்று சொல்வது எண்ணெய் நீக்கம், கழுவல், துரு நீக்கம், மறுபடி கழுவல், பாஸ்பேட்டிங், கழுவல், பாசிவேஷன் என்ற வரிசை. எண்ணிக்கை கடைக்குக் கடை கொஞ்சம் மாறும். டேங்க் எத்தனை என்பதைவிட, கழுவும் தண்ணீரை எப்போது மாற்றுகிறார், கெமிக்கல் அளவை டைட்ரேஷன் (துளித்துளியாக விட்டு அளக்கும் சோதனை) செய்து எழுதி வைக்கிறாரா என்பதைப் பாருங்கள். பாஸ்பேட் ஆன பாகம் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும், வெள்ளைத் துணியால் துடைத்தால் தூள் தூளாக வரக்கூடாது. எண்ணெய் போயிற்றா என்று பார்க்கத் தண்ணீர் ஊற்றினால் போதும். படலம் முழுதாகப் பரவினால் சுத்தம், உடைந்து துளித்துளியாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. ஆளை வைத்து இதைப் பார்க்கச் சொல்லும்போது கோட்டருக்குக் கோபம் வரும். ஆனால் உங்களுடைய பாகத்தைத் தருவது நீங்கள், தயங்கத் தேவையில்லை.

பவுடரின் வகையைப் பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். "ரால் 7035" என்று நிறத்தை மட்டும் எழுதினால் கோட்டர் கையில் இருக்கும் எப்பாக்சி பாலியஸ்டர் கலவையைப் போட்டுவிடலாம். உள்ளே வைக்கும் பேனலுக்கு அது சரி. வெயிலில் நிற்பதற்குப் பியூர் பாலியஸ்டர் வேண்டும், இல்லையென்றால் மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தது மாதிரி வெளுத்துவிடும். தடிமன் 60 முதல் 80 மைக்ரான் என்பது வழக்கமான கேட்பு. அதிகம் போட்டால் நல்லதுதானே என்பது தவறு. ஆரஞ்சுத் தோல் மாதிரி வரும், ஓரத்தில் பெயர்ந்து விழும், பொருத்தவும் முடியாது. ஆழமான பெட்டியின் உள்மூலைகளில் மின்புலம் காரணமாகப் பவுடர் போகாமல் நின்றுவிடும். அங்கே காந்தவழி தடிமன் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள், வசதியான வெளிமுகத்தில் மட்டும் அளந்தால் பயனில்லை. அலுமினியத்துக்கு எடிகரன்ட் வகை மீட்டர் தேவை.

அடுப்பு விஷயத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: 200 டிகிரி, 10 நிமிடம் என்பது காற்றின் சூடா, உலோகத்தின் சூடா? பவுடர் தயாரிப்பாளர் சொல்வது உலோகத்தின் சூடு. 1.2 மி.மீ. கதவும் 10 மி.மீ. பேஸ் பிளேட்டும் ஒரே டிராலியில் போனால், கதவு வெந்துவிடும், பிளேட் பாதி வேக்காட்டில் வெளியே வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எம்இகே கரைப்பானில் நனைத்த துணியால் முன்னும் பின்னும் தேய்த்தால் வேகாத பூச்சு மென்மையாகிச் சட்டென்று நிறம் விடும். ஒட்டுதலுக்குக் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுக்கும் சோதனை போதும். இந்த இரண்டையும் பாகத்தின் மேல் செய்யாமல், அதே டிராலியில் தொங்கவிட்ட சோதனைத் தகட்டில் செய்யுங்கள். ஆனால் கனமான பாகத்துக்குச் சோதனைத் தகடும் அதே தடிமனில் இருக்க வேண்டும்.

போல்ட் ஏறாத கதை. இதில் கொஞ்சம் கணக்கு உண்டு. துளையின் சுவரில் 80 மைக்ரான் பவுடர் ஏறினால் விட்டத்தில் 0.16 மி.மீ. குறையும். எம்6 போல்ட்டுக்கு 6.2 மி.மீ. துளை போட்டிருந்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 6.04. ஒரு துளையானால் தட்டி ஏற்றலாம், நான்கு துளை வரிசையில் துளியும் விலகல் இருந்தால் நடக்காது. ஆக, டிராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்னா பின்னா என்பதை முதல் நாளே கேளுங்கள். கேட்டதற்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பின் என்றால் லேசர் புரோகிராமிலேயே துளையைப் பெரிதாக்கிவிடலாம், செலவே இல்லை.

மரையில் (த்ரெட்டில்) நிலைமை இன்னும் இறுக்கம். 60 டிகிரி மரையில் பிளேட்டிங் ஏறும் தடிமனைப்போல் நான்கு மடங்கு பிட்ச் விட்டம் (மரையின் நடு உயரத்தில் எடுக்கும் விட்டம்) மாறும். 10 மைக்ரான் ஜிங்க் ஏறினால் டேப் அடித்த துளை 40 மைக்ரான் சுருங்கும். வழக்கமான 6ஜி என்ற மரை அளவுத் தரத்து எம்6 போல்ட்டுக்கும் நட்டுக்கும் இடையே வைத்திருக்கும் இடைவெளி வெறும் 26 மைக்ரான், அதிலும் ஒரு பகுதியைப் போல்ட்டின் சொந்தப் பிளேட்டிங் எடுத்துக்கொள்கிறது. துளைக்குள் வெளிமுகத்தில் ஏறும் அளவுக்கு ஜிங்க் ஏறாது என்றாலும் முதல் இரண்டு மூன்று மரைகளில் நன்றாகவே ஏறும், போல்ட் நிற்பது அங்கேதான். ஓவர்சைஸ் டேப் அடிப்பது சரியான வழி. பிளேட்டிங்குக்குப் பிறகு மறுபடி டேப் ஓட்டினால் போல்ட் ஏறும், ஆனால் ஜிங்க் போய்விடும், மழைக்காலத்தில் அந்த மரை முதலில் துருப்பிடிக்கும்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கை. 12.9 போல்ட், ஸ்பிரிங் தகடு போன்ற கடினமான எஃகைச் சாதாரண எம்.எஸ். பாகங்களோடு சேர்த்து ஜிங்க் பிளேட்டிங்குக்குப் போடாதீர்கள். ஆசிட்டிலும் பிளேட்டிங்கிலும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, இறுக்கிய பிறகு சில மணி நேரத்திலோ நாளிலோ சத்தமில்லாமல் உடையும். பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சுட வேண்டும். அந்த வசதி இல்லாத பிளேட்டரிடம் கொடுக்கவே வேண்டாம்.

மாஸ்கிங் பட்டியலை, அதாவது பூச்சு படாமல் மூடவேண்டிய இடங்களை, வாய்மொழியில் விடாதீர்கள். டிராயிங்கின் பிரதி ஒன்றில் சிவப்புப் பேனாவால் மரை, எர்த்திங் ஸ்டட், பேரிங் உட்காரும் துளை, இன்னொரு பாகத்தோடு முகம் சேரும் இடம் எல்லாவற்றையும் வட்டமிட்டு, முதல் பாகத்தோடு கோட்டருக்குக் கொடுங்கள். பேனல் வாடிக்கையாளருக்கு எர்த்திங் புள்ளி உயிர்நாடி. அங்கே பவுடர் படிந்தால் பெட்டி முழுக்க மின்தொடர்ச்சி அறுந்துபோகும், அதைச் சுரண்டி எடுத்த இடம் துருப்பிடிக்கும். சிலிக்கான் பிளக், சூடு தாங்கும் பச்சை டேப் இரண்டையும் நீங்களே வாங்கிக் கொடுப்பது கோட்டரோடு வாதாடுவதைவிட மலிவு.

உணவு மெஷின்காரரின் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாகங்கள் முற்றிலும் வேறு உலகம். அங்கே பூச்சு கிடையாது, மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலம்தான் எல்லாம். வெல்டு பக்கத்தில் வரும் நீலம், பழுப்பு நிறம் வெறும் கறை அல்ல. அதற்கு அடியில் குரோமியம் குறைந்த அடுக்கு இருக்கிறது, துரு பிடிப்பது அங்கேதான். பஃப் அடித்து நிறத்தை மட்டும் போக்கினால் படத்துக்கு அழகாக இருக்கும், ஆனால் அந்த அடுக்கு போகாது. பிக்லிங் பேஸ்ட் என்ற ஆசிட் பசை போட்டு எடுக்கலாம், அல்லது பாஸ்பாரிக் ஆசிட் கரைசலும் பிரஷும் உள்ள மின்வழி வெல்டு கிளீனர் வைத்துக்கொள்ளலாம். சின்ன யூனிட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். பிக்லிங் பேஸ்டில் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கிறது. தோலில் பட்டால் உடனே எரிச்சல்கூடத் தெரியாமல் எலும்பு வரை போகக்கூடியது. கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் அந்த டப்பாவைத் திறக்கவே கூடாது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் கூடாது. கடையில் கிடைக்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை எஸ்.எஸ். மேல் ஊற்றுபவர்களை இன்னமும் பார்க்கிறேன், குளோரைடுதான் எஸ்.எஸ்.ஸின் முதல் எதிரி.

எம்.எஸ்.ஸில் தேய்த்த டிஸ்க், எம்.எஸ். வயர் பிரஷ், எம்.எஸ். தூள் பறக்கும் மேசை எதுவும் எஸ்.எஸ். அருகே வரக்கூடாது. ஒட்டிய இரும்புத் துகள் இரண்டு நாளில் பழுப்புப் புள்ளியாகிவிடும், வாடிக்கையாளர் "இது 304 (கேட்ட எஸ்.எஸ். ரகம்) இல்லை" என்பார். இரும்பு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் காப்பர் சல்பேட் கரைசல் தொட்டால் செம்பு நிறம் படியும். உணவு படும் முகத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள், தண்ணீரில் நனைத்துக் காயவிட்டு 24 மணி நேரம் கழித்துத் துருப் புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பது அங்கே போதும். நம்பர் 4 ஃபினிஷ் (ஒரே திசையில் மெல்லிய கோடுகள் தெரியும் மேற்பரப்பு) என்றால் கோடுகளின் திசை எல்லாப் பாகத்திலும் ஒன்றாக வருமாறு நெஸ்டிங்கிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஃபிலிமை வெல்டு வரும் இடத்தில் மட்டும் உரித்து, மிச்சத்தை முடிந்தவரை கடைசி வரை விட்டுவையுங்கள். ஆனால் வெயிலில் கிடக்க விடாதீர்கள், பசை கெட்டியாகி உரிக்க வராது.

கீறல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலானவை தரையில் அடுக்குவதால் வருகின்றன. ரப்பர் ஒட்டிய டிராலி, நெட்டுக்குத்தாக நிறுத்தும் ராக், சுத்தமான கையுறை, இவ்வளவுதான். அடுப்பிலிருந்து வந்த பாகத்தைச் சூடு ஆறாமல் பபிள் ராப்பில் சுற்றினால் குமிழ்களின் வட்டம் பூச்சில் பதிந்துவிடும். ஆறட்டும், முதலில் மெல்லிய ஃபோம் ஷீட், அதன் மேல் பபிள். எந்த அளவு கீறல் ஏற்கத்தக்கது என்பதை மட்டும் சண்டை வருவதற்கு முன் பேசிவிடுங்கள். கண்ணுக்கு நேராகத் தெரியும் முகம், பக்க முகம், உள்ளே மறையும் முகம் என்று மூன்றாகப் பிரித்து, எத்தனை தூரத்திலிருந்து எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்ட லிமிட் சாம்பிளை (ஏற்கத்தக்க எல்லையைக் காட்டும் மாதிரியை) ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது.

பேக்கிங்கில் துருவுக்கு வருகிறேன். பூச்சு இல்லாத எம்.எஸ். பாகத்தை நேரடியாக அட்டைப்பெட்டியில் வைக்காதீர்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும், அதிலுள்ள உப்பு பட்ட இடத்தில் துரு வரும். பச்சை மரமும் அப்படித்தான். விசிஐ (துருத்தடுப்பு ஆவி விடும்) பேப்பரோ பையோ போடுங்கள். அதிலிருந்து வரும் ஆவி உலோகத்தின் மேல் படிந்துதான் காக்கிறது, எனவே பையை மூட வேண்டும். பாகம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும், வெறுங்கையால் தொட்ட ரேகைகூட உள்ளேயே துருவாக வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காலையில் குளிர்ந்து கிடக்கும் இரும்பைச் சூடான ஷெட்டுக்குள் கொண்டுவந்தால் வேர்க்கும். அந்த ஈரத்தோடு பையை மூடினால் துருவை நாமே அடைத்து அனுப்புகிறோம். பெயின்ட், பிளாஸ்டிங் வேலைக்கும் இதே கவனம்: உலோகத்தின் சூடு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு) மேல் 3 டிகிரியாவது இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் போனால் வேலையைத் தள்ளிவையுங்கள். கால்வனைஸ் ஆன பாகங்களை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று படிய அடுக்கினால் வெள்ளைத் துரு பூக்கும், நடுவே குச்சி வைத்துச் சாய்வாக அடுக்குங்கள்.

தூத்துக்குடி அல்லது சென்னை வழியாக ஏற்றுமதி ஆகும் சரக்கில், மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 (மரத்தில் பூச்சி போகாமலிருக்க வைத்த சர்வதேச விதி) முத்திரை வேண்டும். மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது என்பதற்கான எச்டி (ஹீட் ட்ரீட்மென்ட்) குறி அதில் இருக்கும். பிளைவுட்டுக்குத் தேவையில்லை. கடல் வழியில் கன்டெய்னரின் கூரையில் ஈரம் குளிர்ந்து சொட்டும் என்பதால் பெட்டிக்குமேல் மூடியும், உள்ளே ஈரம் உறிஞ்சும் பைகளும் போட்டு அனுப்புங்கள்.

காகித வேலை. கோட்டருக்குப் போகும்போது எண்ணிக்கையோடு டெலிவரி சலான், திரும்பும்போது அதே எண்ணிக்கை. ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம், மறந்துபோன ஐந்து பிராக்கெட்டுகள்கூடக் கணக்கில் வரும். வாடிக்கையாளருக்குப் போகும்போது, தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாயையும் வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாயையும் தாண்டினால் இ-வே பில். அது 200 கி.மீ.க்கு ஒரு நாள் கணக்கில்தான் செல்லும், பேக்கிங் முடிந்து வண்டி வாசலில் நிற்கும்போது எடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பார்ட் நம்பர், ரிவிஷன், எண்ணிக்கை. பழைய ரிவிஷனில் செய்த பத்து பாகம் புதியதோடு கலந்து போவது கீறலைவிட அதிகச் சேதம் செய்யும். மெட்டீரியல் சர்டிபிகேட், அளவு ரிப்போர்ட், தடிமன் ரிப்போர்ட் மூன்றையும் கேட்காமலே வைத்துவிடுங்கள். கூடவே அதே நிறத்தில் சின்ன டச்சப் பாட்டில் ஒன்று.

இப்போது கையில் திரும்பி வந்து கிடக்கும் லாட். எல்லாவற்றையும் மறுபடி கோட்டிங்குக்கு அனுப்பிவிடாதீர்கள், பிரியுங்கள். ஓரம் உரிந்தவற்றின் மேல் இன்னொரு பூச்சு போட்டால் இரண்டும் சேர்ந்து உரியும். பழைய பூச்சைக் கெமிக்கலில் முழுதாக எடுத்து, வெட்டுமுகத்தைத் தேய்த்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாகம் சின்னதாக இருந்தால் புதிதாக வெட்டுவதே மலிவாக இருக்கலாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். கீறல் மட்டும் உள்ளவற்றுக்கு வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால் டச்சப், ஒப்புக்கொள்ளாவிட்டால் லேசாகத் தேய்த்து மறுபூச்சு. ஆனால் மொத்தத் தடிமன் கூடும், அதனால் துளைகளை மறுபடி அளந்து, போல்ட் போட்டுப் பார்த்த பிறகே கட்டுங்கள். மரை சிக்கியவற்றில் எத்தனை பவுடர், எத்தனை ஜிங்க் என்று எண்ணி எழுதுங்கள். பவுடர் என்றால் டேப் ஓட்டி, மரையில் துருத்தடுப்பு எண்ணெய் தொட்டு அனுப்பலாம். ஜிங்க் என்றால் வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், அந்த மரை வெளியில் மழைபடும் இடத்தில் இருக்கிறதா, பேனலுக்குள் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும்.